வீட்ல எல்லாருக்கும் பல்லு: நம்ம நம்பிக்கிட்டு இருக்கிற கதைகளும் நெசமா செய்ய வேண்டியதும் (முழுமையான வழிகாட்டி)

போன பங்குனில ஒரு நாள் காலைல எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்தப்ப வலது கன்னம் பணியாரம் கணக்கா உப்பிப்போய் இருந்துச்சு. ரெண்டு வருசமா அந்தக் கடவாய்ப் பல்லுல ஓட்டை இருக்கு, அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், சோறு உள்ள போயி மாட்டும், குச்சிய எடுத்து நோண்டுவாரு, வலிச்சா ஒரு கிராம்பு, ரொம்ப வலிச்சா மெடிக்கல்ல ஒரு மாத்திரை, அம்புட்டுதான். நடுவுல ஒரு நாள் வலி சுத்தமா நின்னுபோச்சு. "பாத்தியா, தானா சரியாயிருச்சு"ன்னாரு. அது சரியாகல. பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு செத்துப்போச்சு, அதான் வலி நின்னுருக்கு, கிருமி மட்டும் பைய வேர் வழியா எலும்புக்கு எறங்கிக்கிட்டு இருந்திருக்கு. எக்ஸ்ரேல வேர் நுனில உளுந்து அளவுக்கு ஒரு கருப்பு வட்டம், அதத் தொட்டுக் காட்டி டாக்டரம்மா சொன்னப்பதான் எங்களுக்கு உறைச்சுச்சு. சின்னதா அடைச்சு சில நூறு ரூபாயில முடிஞ்சிருக்க வேண்டியது, ரூட் கெனால் (செத்த நரம்ப எடுத்துட்டு உள்ள சுத்தம் பண்ணி அடைக்கிறது), கேப்பு (பல்லு மேல மாட்டுற உறை)ன்னு பல ஆயிரத்துல போயி நின்னுச்சு.

எங்க வீட்ல ஆறு உருப்படி. நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பிள்ளைங்க, அத்தை, அப்பப்ப மதுரைப் பக்கம் சோழவந்தான்ல இருந்து வந்து தங்குற எங்க அப்பத்தா. ஒவ்வொருத்தர்ட்டயும் பல்லப் பத்தி ஒரு கதை இருக்கும். அதுல எது நெசம் எது பொய்னு கேட்டுக் கேட்டு நான் தெரிஞ்சுக்கிட்டத, வீட்ல எந்த வரிசையில செய்யணுமோ அந்த வரிசையிலயே சொல்றேன்.

படி 1: மொதல்ல வாயத் தொறந்து பாருங்க

ஞாயித்துக்கிழமை காலைல, வெளிச்சமா இருக்கிற எடத்துல ஒவ்வொருத்தரா உக்கார வச்சு போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. சின்னப் பிள்ளைய மடில மல்லாக்கப் படுக்க வச்சு, தலை மாட்டுல இருந்து பாத்தா மேல் பல்லு உள்பக்கம் கூட நல்லாத் தெரியும். மேலுதட்டத் தூக்கிப் பாக்க மறந்துராதீங்க, பிள்ளைங்களுக்கு சொத்தை அங்கதான் மொதல்ல ஆரம்பிக்கும்.

என்ன பாக்கணும்? ஈறு ஓரத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மங்கலா ஒரு வெள்ளைக் கோடு இருந்தா அது சொத்தையோட மொதப் படி. அந்த நேரத்துல ஒழுங்கா வெளக்குனா, ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டா, திரும்பக் கெட்டிப்படும். ஓட்டை விழுந்துட்டா திரும்பாது, அடைக்கத்தான் செய்யணும். கடவாய்ப் பல்லு மேல குழியில கருப்பு இருக்கா, ஈறு செவந்து புசுபுசுன்னு இருக்கா, ஈறுல பரு மாதிரி ஒண்ணு வந்து வந்து போகுதா (அது சீழ் வர்ற வழி, வலிக்காது, அதனாலயே எல்லாரும் விட்டுருவாங்க), ரெண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணு இருக்கா, இம்புட்டும் பாத்தாப் போதும்.

இங்கதான் மொதக் கதை: "வலிக்கலேல்ல, அப்ப ஒண்ணுமில்ல." பல்லோட மேல் ஓடு இருக்கே, எனாமல், அதுக்கு நரம்பே கிடையாது. சொத்தை அதத் தாண்டி உள்ள போற வரைக்கும் சத்தமே இருக்காது. வலி வருதுன்னா திருடன் கூடத்துக்கு வந்துட்டான்னு அர்த்தம்.

ரெண்டாவது கதை பூச்சி. "பூச்சிப் பல்லு"ன்னு சொல்லிச் சொல்லி நெசமாவே உள்ள புழு இருக்குன்னு நம்புறவங்க இன்னும் இருக்காங்க. எங்க ஊர்ப்பக்கம் கண்டங்கத்திரி விதைய நெருப்புல போட்டுப் பொகைய வாயில புடிக்கிற வைத்தியம் உண்டு, புடிச்சு முடிச்சுட்டு தண்ணிக் கிண்ணத்துல மெதக்குறதக் காட்டி "இந்தா பூச்சி வந்துருச்சு"ம்பாங்க. நான் சின்னப் பிள்ளைல வாயப் பொளந்து பாத்திருக்கேன். அது வெந்து பிதுங்கி வந்த விதைக்குள்ள இருக்கிற சமாச்சாரம், புழு இல்ல. 1728லயே பியர் ஃபோஷார்னு பிரான்ஸ் நாட்டுப் பல் வைத்தியர் பல்லுல புழுவெல்லாம் இல்லைன்னு எழுதிட்டாரு. நெசத்துல இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமி, நம்ம சாப்புடுற சக்கரையத் தின்னுட்டு அமிலத்தக் கக்குது, அந்த அமிலம் பல்ல அரிக்குது.

படி 2: பிரஷ்ஷும் பேஸ்ட்டும்

கடைல போயி "ஹார்டு பிரஷ் குடுங்கண்ணே"ன்னு கேட்டு வாங்குறவங்க ஜாஸ்தி, எங்க வீட்டுக்காரர் உட்பட. பித்தளைப் பானை வெளக்குற மாதிரி தேச்சாதான் சுத்தமான மாதிரி ஒரு திருப்தி. அப்புடித் தேச்சுத் தேச்சு ஈறு ஓரத்துல கோடாலி வெட்டு மாதிரி பள்ளம் விழுந்து, இப்ப ஐஸ் தண்ணி குடிச்சா சுரீர்னு ஏறுது. சாஃப்ட் பிரஷ் போதும். பிரஷ்ஷ ஈறுப் பக்கம் கொஞ்சம் சாச்சுப் பிடிச்சு சின்னச் சின்ன வட்டமா, ரெண்டு நிமிசம். மூணு மாசத்துக்கு ஒருக்க மாத்துங்க, முடி விரிஞ்சுபோனா அதுக்கு முன்னாடியே.

காலைல ஒரு தடவைங்கிறது நம்ம பழக்கம். ஒரு தடவைதான் முடியும்னு யாராவது அடம் புடிச்சா நான் ராத்திரியத்தான் சொல்வேன். தூங்கும்போது எச்சில் ஊறுறது கொறஞ்சிரும், எச்சிதான் பல்லுக்குக் காவக்காரன், காவக்காரன் தூங்குற நேரத்துல பல்லு மேல பரோட்டாவும் சால்னாவும் ஒட்டிக்கிட்டு இருந்தா என்ன ஆகும். வெளக்கி முடிச்சதும் நுரையத் துப்பிருங்க, ஆனா சொம்பு சொம்பாத் தண்ணி ஊத்திக் கொப்புளிக்காதீங்க, பேஸ்ட்ல இருக்கிற ஃப்ளோரைடு பல்லு மேல கொஞ்சநேரம் இருந்தாதான் வேலை செய்யும். இது எனக்கே நாப்பது வயசுலதான் தெரியும்.

பேஸ்ட்டுல ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்துல ஆயிரம் பங்கு) வாக்குல இருக்கான்னு அட்டைல பாருங்க. மூணு வயசுக்குள்ள அரிசி அளவு, மூணுல இருந்து ஆறு வரைக்கும் பட்டாணி அளவு. விளம்பரத்துல காட்டுற மாதிரி பிரஷ் நீளத்துக்குக் கோலம் போட வேண்டியதில்ல. அப்பறம் இந்த வாட்ஸ்அப்ல சுத்துதே, டியூப் அடில பச்சைக் கட்டம்னா இயற்கை, கருப்புன்னா கெமிக்கல்னு, அது சுத்தப் பொய். டியூப்ப எங்க வெட்டணும்னு மெஷினுக்குக் காட்டுற அடையாளம் அது, அம்புட்டுத்தேன்.

அத்தைக்கு உப்பும் கரியும்தான் பேஸ்ட். "எங்க காலத்துல செங்கப்பொடில வெளக்குனோம், கரும்பக் கடிச்சோம்"னு ஆரம்பிப்பாங்க. கரியும் செங்கப்பொடியும் சாம்பலும் உப்புத்தாள் மாதிரி, அப்போதைக்குப் பல்லு பளிச்சுன்னு தெரியும், கூடவே எனாமலும் தேஞ்சுக்கிட்டே வரும், எனாமல் திரும்ப மொளைக்காது. எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் தேச்சு வெள்ளையாக்குற வீடியோவும் இதே ரகம்தான், அமிலத்தப் போட்டு இளக்கி அது மேல உப்பப் போட்டுத் தேய்க்கிறது.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி"ன்னு சொல்றோமே, அதுல வேலுங்கிறது வேப்ப மரம்னு பல பேரு நெனச்சுக்கிட்டு இருக்காங்க, அது வேல மரம், கருவேலங்குச்சி. வேப்பங்குச்சியும் மோசமில்ல, நுனிய நல்லா மென்னு பஞ்சாக்கிட்டு தேச்சா அழுக்குப் போகும். ஆனா கடைசிக் கடவாய்ப் பல்லுக்கும் இடுக்குக்கும் குச்சி போகாது, அதுல ஃப்ளோரைடும் இல்ல. நல்லெண்ணெய் கொப்புளிக்கிறதும் அப்புடித்தான், பிரியப்பட்டா செய்ங்க, பிரஷ்ஷுக்குப் பதிலா மட்டும் செய்யாதீங்க.

ஈறுல ரத்தம் வந்தா அந்த எடத்த வெளக்காம விட்டுறாதீங்க. எல்லாரும் அதத்தான் செய்றோம். அழுக்கு சேந்ததாலதான் ரத்தமே வருது, விட்டா இன்னும் சேரும். மெதுவா வெளக்கிக்கிட்டே இருங்க, பத்து நாள்ல நிக்கலைன்னா டாக்டரப் பாருங்க.

படி 3: பிள்ளைங்க

"பால் பல்லுதானே, விழத்தான போகுது." இந்த ஒரு வார்த்தையால போன பல்லு எத்தனையோ. முன் பல்லு ஆறேழு வயசுல விழும், சரி. ஆனா பால் கடவாய்ப் பல்லு விழுறதுக்குப் பத்துப் பன்னெண்டு வயசாயிரும். நாலு வயசுல சொத்தை விழுந்தா அந்தப் பிள்ளை இன்னும் ஆறேழு வருசம் அந்தப் பல்லோடதான் சாப்புட்டு ஆகணும். அத முன்கூட்டியே புடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்த அடைச்சுக்கிரும், அடியில இருந்து வர்ற பெரிய பல்லு வர வழியில்லாம கோணலா மொளைக்கும், அப்பறம் கிளிப்புக்கு ரெண்டு வருசம் அலையணும்.

எங்க பெரியவனுக்கு நான் பண்ண தப்பு ஒண்ணு. ஆறு வயசுல கடைசியா பின்னாடி ஒரு பல்லு மொளைக்கும், எந்தப் பல்லும் விழாமலே வரும், அதனால பால் பல்லுன்னே நெனச்சுக்கிட்டேன். அது சாகுற வரைக்கும் இருக்க வேண்டிய பெரிய கடவாய்ப் பல்லு! மேல நாலஞ்சு ஆழமான குழி, அதுல பிஸ்கட்டு போயி அப்பி, எட்டு வயசுல அடைக்க வேண்டியதாப்போச்சு. சின்னவளுக்கு அந்தப் பல்லு முழுசா வெளிய வந்த ஒடனே கூட்டிட்டுப் போயி குழிய மூடுற சீலண்ட் போட்டுட்டோம், ஊசி இல்ல, ராவுறது இல்ல, பத்து நிமிச வேலை.

பல்லு மொளைச்ச அன்னைல இருந்தே தொடைக்கணும், வெளக்கணும், அதுக்குன்னு ஒரு வயசு கிடையாது. ஏழெட்டு வயசு வரைக்கும் ராத்திரி நீங்களே வெளக்கி விடுங்க, சட்டைப் பொத்தான் ஒழுங்காப் போடத் தெரியாத கை பல்ல மட்டும் ஒழுங்கா வெளக்கிருமா. பால் பாட்டில வாயில வச்சுக்கிட்டே தூங்க விடுறத மட்டும் எப்பாடு பட்டாவது நிறுத்துங்க, சூப்புற ரப்பருல தேன் தடவிக் குடுக்குறத அதவிட. மேல் முன் பல்லு நாலும் கருகிப்போயி இருக்கிற பிள்ளைகளப் பாத்திருப்பீங்கல்ல, "அவங்க அப்பன் வழி"ம்பாங்க, பாதிக்கு மேல அது பாட்டில் வழி.

விழுந்த பல்ல சாணில உருட்டிக் கூரைல எறியிறது நல்ல பழக்கமா இல்லையான்னு கேக்காதீங்க, எங்க மாடி வீட்டு ஷீட்டு மேலயே ஏழெட்டுக் கிடக்கு.

பழுப்புப் பல்லு ஒண்ணு சொல்லணும். சில பிள்ளைங்களுக்கு பல்லு மொளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, காவிக் கோடு இருக்கும். வெளக்காததால வந்தது இல்ல, எம்புட்டுத் தேச்சாலும் போகாது. எட்டு வயசுக்குள்ள குடிச்ச தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தியா இருந்தா வர்றது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ரொம்ப. நம்ம பக்கமும் ஆழமான போர்த் தண்ணிதான் குடிக்கிறீங்கன்னா குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல ஒரு பாட்டில் குடுத்துப் பாத்துருங்க, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாது. காய்ச்சுனா போயிரும்னு நெனைக்காதீங்க, தண்ணிதான் வத்தும், ஃப்ளோரைடு அப்புடியே நிக்கும்.

படி 4: இனிப்பு

"நாங்க சீனியே சேக்குறதில்ல, கருப்பட்டிதான்." மதுரைக்காரங்ககிட்ட இத அடிக்கடி கேக்கலாம். சாயங்காலம் தள்ளுவண்டில சுக்கு மணக்கப் பருத்திப்பால் குடிக்கிறதுல எனக்கும் ஆச உண்டு. ஆனா பல்லுல இருக்கிற கிருமிக்கு சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ஒண்ணுதான். கருப்பட்டித் துண்ட வாயில ஒதுக்கிவச்சு ஊற ஊறச் சாப்புடுறது சீனி மிட்டாயவிட மோசம், ஒட்டிக்கிட்டே கிடக்கும்.

எம்புட்டு சாப்புடுறோம்ங்கிறதவிட எத்தனை தடவைங்கிறதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ள போனதும் அரை மணி நேரம் வாக்குல வாயில அமிலம் நிக்கும், அப்பறம் எச்சி வந்து சரி பண்ணும். ஒரே உக்காருல ஒரு ஜிகர்தண்டா முழுசாக் குடிச்சா ஒரு அடி. அதே நாள்ல டீ, பிஸ்கட்டு, மிட்டாய், பன்னீர் சோடான்னு மணிக்கொருக்க போய்க்கிட்டே இருந்தா பல்லுக்கு மூச்சு விட நேரமே இல்ல. கடைல உக்காந்து நாளைக்குப் பத்து டீ குடிக்கிற அண்ணன்மாருங்களுக்குக் பல்லுல ஈறு ஓரமெல்லாம் சொத்தை விழுறது இதனாலதான். டீய விட முடியாட்டியும் சீனியக் கொறைங்க, குடிச்ச ஒடனே வெறுந்தண்ணில கொப்புளிங்க. புளிப்பா எதுவும் சாப்புட்டா, வாந்தி எடுத்தா, ஒடனே பிரஷ் போடாதீங்க, அரை மணி நேரம் கழிச்சு.

படி 5: டாக்டர்ட்ட போறது

டாக்டர் நெசமாவே பல் டாக்டர்தானான்னு மொதல்ல பாருங்க. பேருக்குப் பின்னாடி பிடிஎஸ், இல்ல எம்டிஎஸ் இருக்கணும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில்ல பதிஞ்ச நம்பர் இருக்கணும். காசு கம்மின்னு ரோட்டோரம் பல்லுக் கட்டுறவங்கட்ட போயிறாதீங்க, கழுவாத சாமான்ல இருந்து என்ன வேணும்னாலும் தொத்தும். வசதி இல்லைன்னா பெரியாஸ்பத்திரில பல் பிரிவு இருக்கு, வெள்ளன போயி ஓபி சீட்டு போட்டு உக்காருங்க, நேரம் ஆகும், ஆனா பாப்பாங்க.

"கிளீன் பண்ணா பல்லு ஆடும், இடைவெளி விழும்." இது எங்க அத்தையோட கதை, இருவது வருசமா இதச் சொல்லியே தப்பிச்சிட்டாங்க. போன வருசம் இழுத்துட்டுப் போனேன். கீழ் முன் பல்லுக்குப் பின்னாடி நாக்குப் பக்கம் சிமெண்ட்டு பூசுன மாதிரி காரை, மெஷின் பட்டதும் ஒரு சில்லு பேத்துக்கிட்டு வந்து தட்டுல 'டிங்'னு விழுந்துச்சு, அரை அரிசி நீளம், மஞ்சளும் கருப்புமா. அத்தை அதயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அந்தக் காரை உக்காந்து உக்காந்து ஈறையும் எலும்பையும் கரைச்சு ஏற்கனவே இடைவெளி விழுந்திருச்சு, காரை அத மூடி மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, எடுத்ததும் வெளிய தெரியுது. வீங்குன ஈறும் வத்தும். நாலஞ்சு நாள் கூச்சம் இருக்கும். மெஷின் எனாமலச் சொரண்டி எடுக்காது.

"மேல் பல்லப் புடுங்குனா கண்ணு போயிரும்." பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. வயசான காலத்துல பல்லும் போகுது கண்ணும் மங்குது, ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க. எங்க அப்பத்தா மேல் கோரைப்பல்லப் புடுங்கிட்டு வந்து ஒரு வாரம் தெனமும் காலண்டர்ல ராகுகாலத்தப் படிச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ரூட் கெனால்னா கத்துவாங்கன்னு ஒரு பயம். கத்துறது அதுக்கு முந்துன ராத்திரி வலிலதான், மரத்துப்போற ஊசி போட்டப்பறம் எங்க வீட்டுக்காரர் நாற்காலில கொறட்டையே விட்டாரு. ஆனா ரூட் கெனால் பண்ணிட்டு வலி போயிருச்சுன்னு கேப் போடாம விடாதீங்க, பல்லு காஞ்ச சுள்ளி மாதிரி, ஒரு முறுக்குல ரெண்டாப் பொளந்துரும். "எதுக்கு இம்புட்டு செலவு, புடுங்கிப் போட்டா முடிஞ்சது"ங்கிறதும் கணக்குல உதைக்கும். பக்கத்துப் பல்லு சாயும், எதிர்ப் பல்லு எறங்கும், அந்தப் பக்கம் மெல்ல முடியாது. காப்பாத்த முடியாத பல்லுன்னா புடுங்கத்தான் வேணும், புடுங்குனா வச்ச பஞ்ச முக்கா மணி நேரம் கடிச்சுக்கிட்டு இருங்க, அன்னைக்கு முழுக்கத் துப்பாதீங்க. ரத்தம் வருதேன்னு துப்பத் துப்பத்தான் உறைஞ்ச கட்டி பிச்சுக்கிட்டுப் போயி திரும்ப வரும்.

படி 6: நடு ராத்திரி வலி, அடிபட்ட பல்லு

கிராம்புத் தைலம் பொய் வைத்தியம் இல்ல, அதுல இருக்கிற யூஜெனால் மரத்துப்போக வைக்கும், பல் டாக்டர்களே மருந்துல சேக்குறதுதான். பஞ்சுல ஒரு சொட்டு, ஓட்டைல மட்டும், ஈறுல பட்டா வெந்துரும். வலி மாத்திரைய முழுங்கணும், பல்லு மேல வச்சு அடக்கக்கூடாது, புண்ணாயிரும். பிராந்தி, பொகையில வேண்டாம். வீக்கத்துக்கு வெளிய சூடு ஒத்தடம் குடுக்காதீங்க, துணில ஐஸ் சுத்தி வைங்க. மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கித் தின்னா வீக்கம் வத்தும், ஓட்டை அப்புடியே இருக்கும், அடுத்த மாசம் திரும்ப வரும். தாடைக்கு அடில வீங்கி, காய்ச்சலோட, எச்சி முழுங்க முடியல, மூச்சு இழுக்குதுன்னா விடியிற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஒடனே ஆஸ்பத்திரி.

பிள்ளை கீழ விழுந்து பெரிய பல்லு வேரோட வெளிய வந்துருச்சுன்னா தூக்கி எறிஞ்சுறாதீங்க, திரும்ப வைக்கலாம். வேரத் தொடாம மேல் பாகத்தப் புடிங்க, மண்ணு இருந்தா பால்லயோ தண்ணிலயோ லேசா அலசுங்க, தேய்க்காதீங்க. முடிஞ்சா அந்தக் குழிலயே வச்சுத் துணியக் கடிக்கச் சொல்லுங்க, இல்லையா, டீக்கடைல ஒரு டம்ளர் காய்ச்சாத பால் வாங்கி அதுல போட்டுக்கிட்டு ஓடுங்க, ஆறுன பாலும் ஆகும். அரை மணி நேரத்துக்குள்ள போனா ரொம்ப நல்லது. பால் பல்லுன்னா திரும்ப வைக்கக்கூடாது, அடில இருக்கிற பல்லு கெடும்.

படி 7: மாசமா இருக்கிறவங்க, சக்கரைக்காரங்க, பெரியவங்க

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லு போகும்"னு என் தங்கச்சிகிட்ட சொன்னவங்க எத்தனை பேரு. பிள்ளை தாயோட பல்லுல இருந்து சுண்ணாம்புச் சத்த உறிஞ்சாது. அந்தச் சமயத்துல ஈறு சட்டுன்னு வீங்கும், ரத்தம் வரும், மசக்கை வாந்தில அமிலம் பல்லுல படும், கண்டதத் தின்னத் தோணும், சோர்வுல வெளக்க மாட்டாங்க. நாலுல இருந்து ஆறு மாசம் பல் வைத்தியத்துக்குத் தோதான நேரம், வலின்னா எந்த மாசமும் போலாம், மாசமா இருக்கேன்னு மட்டும் மொதல்லயே சொல்லிருங்க.

சக்கரை இருந்தா பல்லே புடுங்கக்கூடாதுன்னு கெடையாது, கட்டுக்குள்ள இருக்கணும். காலைல சாப்புட்டு, மாத்திரை ஊசி எப்பவும் போலப் போட்டுட்டுப் போங்க, பட்டினியாப் போயி மயங்கி விழாதீங்க. ஈறு நோய் இருந்தா சக்கரை அடங்காது, சக்கரை ஏறுனா ஈறு கெடும், ரெண்டும் மாமன் மச்சான் மாதிரி. இருதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்க பல்லுக்குன்னு தானா நிறுத்தாதீங்க, ரெண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

அப்பத்தாகிட்ட வெத்தலையப் பத்திப் பேச முடியாது. சோழவந்தான் வெத்தலைக்குப் புவிசார் குறியீடு வேற 2023ல குடுத்துட்டாங்க, கேக்கவா வேணும். "வெத்தல போட்டாத்தேன் பல்லு கெட்டிடி"ம்பா. வெத்தலையோட எனக்குச் சண்ட இல்ல, கூடப் போற பாக்கும் பொகையிலயும்தான். பாக்கே புத்துநோய் வரவைக்கும். பாக்கு போட்டுப் போட்டு கன்னம் உள்ள எறுகி வாய் தொறக்காமப் போகும், மூணு விரல செங்குத்தா அடுக்கி வாய்க்குள்ள வச்சுப் பாருங்க, போகலைன்னா, காரம் பட்டா எரியுதுன்னா, டாக்டர்ட்ட காட்டணும். அப்பத்தா இப்ப பொகையிலய விட்டுருச்சு, பாக்கு இன்னும் பேச்சுவார்த்தைல இருக்கு.

பல்செட்டு போட்டவங்க ராத்திரி கழட்டிட்டுத்தான் படுக்கணும், ஈறுக்குக் காத்து வேணும். பேஸ்ட் போட்டுத் தேச்சா கீறல் விழும், சோப்புத் தண்ணியும் சாஃப்ட் பிரஷ்ஷும் போதும், கொதிக்கிற தண்ணி ஊத்துனா வளைஞ்சு வாயில உக்காராது. பச்சத் தண்ணில போட்டு வைங்க, ஆனா டம்ளர்ல வைக்காதீங்க. எங்க பெரியம்மா வச்சிருந்த டம்ளர காலைல பாத்திரம் கழுவ எடுத்துட்டுப் போயி தண்ணியோட வாசச் சாக்கடைல ஊத்திட்டாங்க, சித்தப்பா குச்சிய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் தேடுனாரு, கீழ்ச்செட்டு மட்டும்தான் கிடைச்சுச்சு. மூடி போட்ட டப்பா ஒண்ணு வாங்கி, பேரு எழுதி, சாமி அலமாரிக்குப் பக்கத்துல வச்சிருங்க.